ஒட்டிய நிரல் ஏன் ஓடவில்லை?

இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரலை நகலெடுத்து எடிட்டரில் ஒட்டுவது, நிரல் எழுதக் கற்பவர் முதல் வாரத்திலேயே பழகிவிடும் வேலை. மவுஸை இழுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே இரண்டு விசை, அங்கே இரண்டு விசை. சில நொடிகளில் முடிந்துவிடும். ஒட்டிய நிரல்தான் பல நேரம் ஓடாது. பக்கத்தில் இருந்ததையும் எடிட்டரில் வந்ததையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாலும் வேறுபாடு தெரியாது. கணினியோ முதல் வரியிலேயே பிழை என்று நின்றுவிடும்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 2018 முதல் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ மொழியும், 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் இடம்பெற்றுள்ளன. பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி மாணவிக்குச் செய்முறை வகுப்பில் கணினி முன் உட்காரக் கிடைப்பது ஒரு பாடவேளை, கூடினால் இரண்டு. அந்த நேரத்தில் பாதி, கண்ணுக்கே தெரியாத ஓர் எழுத்தைத் தேடுவதில் போய்விட்டால், 'நமக்கு இது வராது' என்ற எண்ணம்தான் அவளுக்கு மிஞ்சும். உண்மையில் அவள் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டாள். தவறு எழுத்துகள் வந்த வழியில் இருக்கும்.

கணினிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோடு என்ற உலகத் தரம் ஓர் எண் கொடுத்திருக்கிறது. இடைவெளிக்கு 32, கழித்தல் குறிக்குப் பயன்படும் சிறு கோட்டுக்கு 45, நேர் மேற்கோள் குறிக்கு 34. தமிழ் எழுத்துகளுக்கு 2944 முதல் 3071 வரையிலான எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 'க' என்பது 2965. திரையில் தெரிவது அந்த எண்ணுக்கு எழுத்துரு வரைந்து காட்டும் படம். இரண்டு வெவ்வேறு எண்களுக்கு ஒரே படம் அமைய முடியும். சில எண்களுக்குப் படமே கிடையாது. மனிதர் படத்தைப் படிக்கிறார், நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) எண்ணைப் படிக்கிறது. ஒட்டிய நிரல் ஓடாததற்குரிய காரணங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டில்தான் பிறக்கின்றன.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேல் நீளமான கல்மரம் ஒன்று கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. தூரத்திலிருந்து பார்த்தால் வெட்டிச் சாய்த்த அடிமரம் போலவே இருக்கும். ஆனால் மரத்தின் பொருள் சிறிது சிறிதாக நீங்கி, அந்த இடத்தில் சிலிக்கா படிந்து, வடிவம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. நகலெடுத்த நிரலில் வரும் மேற்கோள் குறியும் பல நேரம் இப்படித்தான். வடிவம் மேற்கோள் குறியுடையது. உள்ளே இருக்கும் எண் வேறு.

நகலெடுப்பதும் ஒட்டுவதும் இன்று எல்லாக் கணினியிலும் செல்பேசியிலும் இருக்கும் வசதி. அதற்கு இன்றைய வடிவம் தந்தவர் லாரி டெஸ்லர். 1970களின் நடுவில், கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில், டிம் மாட்டுடன் சேர்ந்து அவர் எழுதிய ஜிப்ஸி என்ற உரை எடிட்டரில் வெட்டு, நகலெடு, ஒட்டு என்ற மூன்று செயல்களும் இருந்தன. 1983ல் வந்த ஆப்பிள் லிசா கணினி அவற்றை வெளியுலகுக்குக் கொண்டுசென்றது. டெஸ்லர் 2020 பிப்ரவரியில் காலமானார்.

நகலெடுத்தது போய்த் தங்கும் கிளிப்போர்டில் பெரும்பாலும் ஒரே செய்தி பல வடிவங்களில் ஒருசேர வைக்கப்படுகிறது. உலாவியிலிருந்து நகலெடுத்தால் வெறும் எழுத்துகளாக ஒரு நகலும், நிறம், தடிப்பு, எழுத்துரு ஆகியவற்றோடு இன்னொரு நகலும் அதில் இருக்கும். ஒட்டப்படும் மென்பொருள் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். வேர்டு அலங்காரத்தோடு எடுக்கும். நிரல் எடிட்டர் வெறும் எழுத்தை எடுக்கும். இதை அறிந்தவர்கள் 'முதலில் நோட்பேடில் ஒட்டு, பிறகு அங்கிருந்து எடு, எல்லாம் சுத்தமாகிவிடும்' என்பார்கள். பாதிதான் சரி. நோட்பேடு நிறத்தையும் அளவையும் உதிர்க்கும். எழுத்துகளின் எண்களைத் தொடாது. தவறான எண்ணோடு வந்த மேற்கோள் குறி நோட்பேடு வழியாக வந்தாலும் தவறான எண்ணோடுதான் வரும்.

எல்லாரையும் முதலில் தடுக்குவது இந்த மேற்கோள் குறிதான். அச்சுக்கலையில் திறக்கும் குறி வேறு, மூடும் குறி வேறு, இரண்டும் வளைந்தவை. தட்டச்சுப் பொறி வந்தபோது விசைகளை மிச்சப்படுத்த, திறக்கவும் மூடவும் ஒரே நேர் குறியை வைத்தார்கள். 1963ல் வெளிவந்த ஆஸ்கி குறியீட்டுத் தரம் அந்த நேர் குறியையே எடுத்துக்கொண்டு அதற்கு 34 என்ற எண் கொடுத்தது. நிரல் மொழிகள் ஆஸ்கியின் மேல் வளர்ந்தன. ஆகவே பைத்தானுக்கும் சி++க்கும் மேற்கோள் குறி என்றால் 34தான். வளைந்த குறிகளுக்கு யூனிகோடில் 8220, 8221 என்ற எண்கள். வேர்டு போன்ற மென்பொருள்கள், தட்டச்சு செய்யச் செய்யவே நேர் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடுகின்றன. இணையப் பக்கம் தயாரிக்கும் கருவிகளிலும் இந்தத் 'திருத்தம்' உண்டு. கட்டுரைக்கு அது அழகு. நிரலுக்குக் கேடு.

பைத்தானில் இந்த வரி சரியானது:

ஊர் = "அரியலூர்"

இந்த வரி பிழை:

ஊர் = “அரியலூர்”

அருகருகே வைத்தால் வேறுபாடு தெரிகிறது. சின்ன எழுத்தில், பழைய திரையில், ஐம்பது வரிகளுக்கு நடுவே வைத்தால் தெரியாது. பைத்தானின் புதிய பதிப்புகள் தவறான எழுத்து எது என்று அதன் யூனிகோடு எண்ணோடு சொல்லிவிடுகின்றன. சி++ பக்கம் நிலைமை அவ்வளவு எளிதல்ல. யூனிகோடு எண்களைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு வளைந்த குறி மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ஜிசிசி நிரல்பெயர்ப்பியின் பழைய பதிப்புகள் அந்தக் குறியைக் கண்டால், 342, 200, 234 என்று எட்டை அடிமானமாகக் கொண்ட எண்களில், பைட்டுக்கு ஒன்றாக மூன்று பிழைச் செய்திகளைக் கொட்டும். ஒரு சொல்லைச் சுற்றி இரண்டு குறிகள் இருந்தால் ஆறு செய்திகள். அந்த எண்களைப் பார்த்து மிரளத் தேவையில்லை. 342 என்று தொடங்கினால் பெரும்பாலும் வளைந்த மேற்கோள் குறி அல்லது நீண்ட கோடு. 302, 240 என்று இரட்டையாக வந்தால் இடைவெளியில் கோளாறு.

இடைவெளியில் என்ன கோளாறு இருக்க முடியும்? இணையப் பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியில், அடுத்தடுத்து எத்தனை இடைவெளி கொடுத்தாலும் உலாவி ஒன்றாகச் சுருக்கிவிடும். நிரல் போன்றவற்றுக்கென்று தனிக் குறியீடு உண்டு. அதற்குள் எழுதினால் இடைவெளிகள் அப்படியே நிற்கும். அதை அறியாதவர்கள் அல்லது பயன்படுத்த வழியில்லாதவர்கள், வரியை உள்ளே தள்ளிக் காட்டுவதற்குச் 'சுருங்காத இடைவெளி' என்ற இன்னோர் எழுத்தைப் பயன்படுத்தினார்கள். அதன் எண் 160. பார்வைக்கு அதுவும் வெற்றிடம்தான். பைத்தானுக்கு 160 இடைவெளியே அல்ல. 8203 என்ற எண்ணுள்ள எழுத்து இன்னும் தொல்லை. அதற்கு அகலமே இல்லை; நீண்ட சொல்லை எங்கே உடைக்கலாம் என்று உலாவிக்குச் சொல்லவே அது இருக்கிறது. எடிட்டரில் அதன் மேல் அம்பு விசையை ஓட்டினால் ஓர் அழுத்தத்துக்குக் கர்சர் நகராமல் நிற்கும். அந்த நிற்றல்தான் அது இருப்பதற்கு அடையாளம்.

பைத்தானில் இடைவெளிக்கு இலக்கண மதிப்பு உண்டு. எந்த வரி எந்த வரிக்குக் கீழ்ப்பட்டது என்பதை உள்தள்ளலே தீர்மானிக்கிறது. நான்கு இடைவெளிகளும் ஒரு டேப்பும் திரையில் ஒரே அகலத்தில் தெரியக்கூடும். எண்ணில் ஒன்று 32 நான்கு முறை, மற்றது 9 ஒரே முறை. மாணவி தானே எழுதிய வரிகளில் இடைவெளியும், ஒட்டிய வரிகளில் டேப்பும் இருந்தால் பைத்தான் 3 இரண்டும் கலந்திருப்பதாகச் சொல்லி நிறுத்திவிடும். பைத்தான் 2 இதே கலவையை, டேப் என்றால் எட்டாவது இடம் வரை என்று கணக்கிட்டு ஓடவிட்டது. அதனால்தான் பழைய நிரல்களில் இந்தக் கலவை இன்றும் கிடக்கிறது.

சி++ கற்பவரை வேறொரு விபத்து பிடிக்கும். அந்த மொழியில் முதல் வரியில் கோணக் குறிகளுக்குள் ஒரு தலைப்புக் கோப்பின் பெயர் வரும். எச்டிஎம்எல் மொழியிலும் கோணக் குறிதான் கட்டளையின் அடையாளம். பக்கம் தயாரித்தவர் அந்தக் குறியை உரிய மாற்றெழுத்தில் எழுதாமல் விட்டிருந்தால், உலாவி அந்தப் பெயரைத் தனக்கு வந்த ஏதோ ஒரு கட்டளை என்று கருதி மறைத்துவிடும். பக்கத்தில் 'இன்குளூட்' என்ற சொல் மட்டும் மொட்டையாக நிற்கும். அதற்குப் பின் ஒன்றும் இருக்காது. நகலிலும் அப்படியே வரும். வெறும் இன்குளூட் வரியைக் கண்டால், அந்தப் பக்கத்தில் இன்னும் எங்கெங்கே கோணக் குறிகள் தின்னப்பட்டிருக்கும் என்று சந்தேகிக்க வேண்டும். 'சிறியது' என்ற ஒப்பீட்டுக் குறியும் அதே குறிதான்.

பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுப்பது இன்னும் மோசம். பிடிஎஃப் அச்சுக்காகப் பிறந்தது. தாளில் எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற கணக்குதான் அதில் உண்டு. வரியின் தொடக்கத்தில் உள்ள உள்தள்ளல் அங்கே வெறும் இடம், எழுத்தல்ல. ஆகவே நகலெடுக்கும்போது அது பெரும்பாலும் காணாமல் போகும். பக்க எண்ணும் மேல் தலைப்பும் நிரலின் நடுவே வந்து உட்காரும். பிடிஎஃப் பாடநூலிலிருந்து பத்து வரி பைத்தானை ஒட்டிச் சரிசெய்வதைவிட, அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வது விரைவு.

எழுத்துகள் எல்லாம் சரியாக வந்தாலும் நிரல் ஓடாத இன்னொரு வகை உண்டு. அங்கே மாறியிருப்பது காலம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒரு தலைமுறை, போர்லாண்ட் நிறுவனம் 1990ல் வெளியிட்ட டர்போ சி++ மென்பொருளின் நீலத் திரையில்தான் இந்த மொழியைக் கற்றது. சி++ மொழிக்கு முதல் உலகத் தரம் வந்தது 1998ல். தரம் வந்தபோது தலைப்புக் கோப்புகளின் பெயர்கள் மாறின. திரையைத் துடைக்கும் பழைய கட்டளை டாஸ் காலத்துக்கு உரியது. அது தரத்தில் இல்லை. ஆனால் அந்த நாளில் எழுதிய நிரல்கள் இணையத்தில் அப்படியே இருக்கின்றன. இன்றைய தேவ்-சி++ல் அவற்றை ஒட்டினால் தலைப்புக் கோப்பே கிடைக்கவில்லை என்று வரும். பைத்தானிலும் இதே கதை. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3ல், திரையில் காட்டும் பிரின்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயமாயிற்று. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று நின்றது. அதற்காக எழுதிய பக்கங்கள் நிற்கவில்லை. மாதிரி நிரலை எடுக்குமுன் அது எந்த ஆண்டு எழுதப்பட்டது என்று பார்ப்பதற்குச் சில நொடி போதும்.

எழுத்தின் படமும் எண்ணும் வேறு வேறு என்பதைத் தமிழர் முன்பே பட்டு அறிந்தார்கள். யூனிகோடு 1991ல் வந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தும், பல ஆண்டுகள் தமிழ் கணினியில் எழுத்துருக்களின் தயவில்தான் வாழ்ந்தது. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தெரியும் சொல், உள்ளே நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இல்லாத கணினியில் அதே சொல் பொருளற்ற ஆங்கிலக் குவியலாக நிற்கும். 1999ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் ஏற்றது. 2010ல் யூனிகோடு அரசுத் தரமாயிற்று. பழைய கோப்பு ஒன்றிலிருந்து ஊர்ப்பெயர்ப் பட்டியலை நகலெடுத்துப் பைத்தான் நிரலில் ஒட்டுபவருக்கு அந்தக் காலம் இன்னும் முடியவில்லை.

யூனிகோடிலேயே எழுதியிருந்தாலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தில் உள்ள 'கங்கைகொண்ட சோழபுரம்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். அதில் 'கொ' வருகிறது, 'சோ' வருகிறது. 'கொ' என்பதைக் கணினியில் இரண்டு வகையாகச் சேமிக்க முடியும். 'க'வுக்குப் பின் ஒகரக் குறியை 3018 என்ற ஒரே எண்ணாக வைப்பது ஒன்று. கொம்பை 3014 என்றும் காலை 3006 என்றும் பிரித்து இரண்டு எண்களாக வைப்பது மற்றொன்று. யூனிகோடு இரண்டையும் ஒன்றுக்கொன்று சமம் என்றே சொல்கிறது. திரையிலும் மயிரிழை வேறுபாடு இராது. பைத்தானிடம் அந்தப் பெயரின் நீளத்தைக் கேட்டால், முதல் வகைக்கு இடைவெளியையும் சேர்த்து 19 என்றும் இரண்டாம் வகைக்கு 21 என்றும் சொல்லும். இரண்டும் ஒன்றா என்று கேட்டால் 'இல்லை' என்று சொல்லும். பட்டியல் ஒரு வகையிலும் தேடல் சொல் மற்ற வகையிலும் இருந்தால், இராசேந்திர சோழன் கட்டிய தலைநகரம் பட்டியலில் கண்ணெதிரே இருந்தும் 'கிடைக்கவில்லை' என்று வரும். பைத்தானோடு வரும் யூனிகோடு தரவுத் தொகுதியில் இதற்கு மருந்து இருக்கிறது. எல்லாச் சொற்களையும் என்எஃப்சி என்ற ஒரே இயல்பு வடிவுக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். சுவையான செய்தி, மாறிப் பெயர்களைப் பைத்தான் 3 தானே இயல்பு வடிவுக்கு மாற்றிக்கொள்கிறது. மேற்கோளுக்குள் இருப்பதைத்தான் அது தொடாது.

'ஔ' என்ற எழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டுவது இன்னொரு பரவலான வழக்கம். அதை எந்த இயல்பு வடிவமும் சரிசெய்யாது. யூனிகோடின் கணக்கில் அவை வெவ்வேறு சொற்கள். 'உ'வும் தமிழ் எண் '௨'வும், 'எ'வும் '௭'வும் அப்படியே.

தமிழிலேயே கட்டளைகளைக் கொண்ட 'எழில்' என்ற நிரல் மொழியும் இந்த இடத்தில் நினைக்கத் தக்கது. முத்து அண்ணாமலை உருவாக்கி, 2009ல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்ட மொழி அது. பைத்தானின் மேல் இயங்குகிறது. அதில் திரையில் காட்ட 'பதிப்பி', கட்டளைத் தொகுதியை மூட 'முடி'. உள்தள்ளலுக்கு அங்கே இலக்கண மதிப்பு இல்லை; எங்கே முடிகிறது என்பதை 'முடி' என்ற சொல்லே சொல்லிவிடுகிறது. ஆகவே ஒட்டும்போது உள்தள்ளல் தொலைந்தாலும் பொருள் கெடாது. தமிழ்வழி மாணவர் முதல் நிரலை எழுதிப் பார்க்க ஏற்றது.

இதுவரை சொன்னவை யாரும் வேண்டுமென்று செய்யாதவை. வேண்டுமென்றே செய்யப்படும் ஏமாற்றும் உண்டு. 2021 நவம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் 'டிரோஜன் சோர்ஸ்' என்ற தாக்குதல் முறையை வெளியிட்டார்கள். அரபு, ஹீப்ரு போன்ற வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக யூனிகோடில் திசை மாற்றும் எழுத்துகள் உள்ளன. அவற்றுக்கு வடிவம் கிடையாது. அவற்றை நிரலுக்குள் செருகினால், படிப்பவர் கண்ணுக்கு ஒரு வரிசையும் நிரல்பெயர்ப்பிக்கு வேறொரு வரிசையும் தெரியும்படி செய்யலாம் என்று அவர்கள் காட்டினார்கள். விஎஸ் கோடு எடிட்டர் சில வாரங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் கட்டம் கட்டிக் காட்டத் தொடங்கியது. இன்னொரு தந்திரம் அதைவிட எளியது. நகலெடுக்கும் அந்தக் கணத்தில் இணையப் பக்கமே கிளிப்போர்டில் வேறொன்றை வைத்துவிட முடியும். எடிட்டரில் ஒட்டினால் கண்ணில் படும். லினக்ஸ் முனையத்தில் நேராக ஒட்டினால், வரியின் முடிவில் ஒரு புதுவரிக் குறி சேர்ந்து வந்தாலே போதும், படிப்பதற்கு முன் கட்டளை நிறைவேறிவிடக்கூடும். முனையத்துக்குப் போகும் எந்தக் கட்டளையையும் முதலில் எடிட்டரில் ஒட்டிப் படித்துவிட்டே எடுத்துச் செல்ல வேண்டும். இதில் விலக்கு வேண்டாம்.

ஓடும் நிரல் எல்லாம் சரியான நிரல் என்றும் சொல்ல முடியாது. 2017ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 13 லட்சம் ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். 15.4 விழுக்காட்டுச் செயலிகளில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்திலிருந்து எடுத்த பாதுகாப்பு தொடர்பான நிரல் துண்டுகள் இருந்தன. அப்படி எடுத்த செயலிகளில் 97.9 விழுக்காட்டில் பாதுகாப்பற்ற துண்டு ஒன்றேனும் இருந்தது. அந்தத் தளத்திலிருந்து மிக அதிகமாக நகலெடுக்கப்பட்டதென்று கண்டறியப்பட்ட ஜாவா துண்டு, பைட் எண்ணிக்கையைப் படிக்க வசதியாக எழுதிக் காட்டுவது. அதை 2010ல் எழுதிய ஆந்திரேயாஸ் லுண்ட்பிளாத், 2019ல் தாமே அதில் பிழை கண்டு வெளியிட்டார். 999,999 பைட் என்று கொடுத்தால் ஒரு மெகாபைட் என்று காட்டாமல் ஆயிரம் கிலோபைட் என்று காட்டியது. சிறிய பிழைதான். ஆனால் எடுத்தவர் எத்தனையோ பேர் இருக்க, ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதை எடுத்துச் சொன்னவர் எழுதியவரே.

ஆய்வகத்தில் செய்யத்தக்கவை சில உண்டு. எடிட்டரில் வெற்றிட எழுத்துகளைக் காட்டும் வசதியை இயக்கிவைத்தால் இடைவெளி புள்ளியாகவும் டேப் அம்பாகவும் தெரியும்; 160 பெரும்பாலும் அந்தப் புள்ளி இல்லாமல் தனித்து நிற்கும். ஒட்டியவுடன் மேற்கோள் குறிகள் அனைத்தையும் தேடி மாற்றிவிடலாம். எந்த எழுத்தின் மேலாவது ஐயம் வந்தால், பைத்தானின் 'ஆர்டு' சார்பிடம் அதைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லிவிடும்: 34 வந்தால் சரி, 8220 வந்தால் அழித்துவிட்டுத் திரும்பத் தட்ட வேண்டும். பிழை எந்த வரியில் என்று தெரிந்தும் எந்த எழுத்தில் என்று தெரியாவிட்டால், அந்த வரியைச் சரிசெய்ய முயல வேண்டாம். முழுவதும் நீக்கிவிட்டுக் கையால் எழுதினால் ஒரு நிமிடத்தில் தீரும். பிறர் நிரலை எடுத்தால், எடுத்த இடத்தையும் எழுதியவரையும் ஒரு குறிப்பு வரியில் சொல்ல வேண்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உள்ளவை உட்படப் பல நிரல்களின் உரிமம் அதைக் கேட்கிறது; உரிமம் கேட்காவிட்டாலும் அது கடமை.

கற்கத் தொடங்கும் முதல் சில மாதங்களுக்கு இருபது வரிக்கு உட்பட்ட எந்த நிரலையும் ஒட்டாமல் தட்டச்சு செய்வதே நல்லது. விசைப்பலகையில் இருக்கும் மேற்கோள் குறி நேர் குறிதான். நிரல் எடிட்டர் அதை வளைக்காது. இடைவெளி விசை தருவது 32. விரல் வழியாக வரும் நிரலில் 160ம் 8203ம் வர வழியே இல்லை.